கூட யார் இருந்தா?

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. டாக்டர் என்றால் அவர்தான். நோயாளிகளைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டு, வாஷியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மாடியில் எங்களோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். மாட்டுங்காவில் பிறந்து, செம்பூரில் வாழ்க்கைப்பட்டவர். எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் புடவை. கண்ணாடியைக் கழற்றி மூக்கின் இரண்டு பக்கமும் அழுத்திவிட்டுக்கொண்டே பேசுவார். அப்படி அழுத்தும்போது அடுத்து என்ன கேட்கப்போகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“சொல்றச்சே கூட யார் இருந்தா?”

மேனேஜர் எனக்கு லீவு கொடுத்துவிட்டார் என்று ஒருவன் சந்தோஷமாக வந்து சொல்வான். சொல்லும்போது கூட யார் இருந்தா என்பார். யாருமில்லை, லிஃப்டில் வைத்துச் சொன்னார் என்றால், டிக்கெட் எடுக்காதே என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார். பெரும்பாலும் அந்த லீவு கிடைக்காது. மேனேஜரே ஒருமுறை மீட்டிங்கிலிருந்து முகமெல்லாம் பல்லாக வந்து, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு நம் சாஃப்ட்வேர் ரொம்பப் பிடித்துவிட்டது, நர்ஸுகளே கைதட்டினார்கள் என்றார். அவரையும் டாக்டர் விடவில்லை. கைதட்டும்போது கூட யார் இருந்தார்கள் என்று கேட்டார். அவர்களுடைய பெரிய டாக்டர் இருந்தார் என்று பதில் வந்தது. அப்படியானால் நர்ஸுகளைத் தனியாக ஒருதரம் கேட்டுவிடுங்கள் என்றார். மேனேஜரின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

பையன்கள் இதை விளையாட்டாக்கி வைத்திருந்தார்கள். கீழே வடாபாவ் நன்றாக இருக்கிறது என்று ஒருவன் சொன்னால், “சாத் மே கோன் தா பாய்?” என்று அதையே இந்தியில் கேட்டு இன்னொருவன் மூக்கை அழுத்திக்கொள்வான். அவர் காதில் விழும். களைத்துப்போனவர்கள் சிரிப்பதுபோல ஒரு பக்க உதடு மட்டும் நகரும்.

என் வேலை என்னவென்று தாராவியில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. வாப்பா தோல் பை தைப்பவர். உம்மா பக்கத்து வீடுகளில், எம் புள்ள கம்ப்யூட்டருக்கு வைத்தியம் படிச்சுக் குடுக்குது என்று சொல்லி வைத்திருக்கிறாள். அது கிட்டத்தட்ட சரி. இந்த நோய்க்கு முதலில் இதைக் கேள், இது இருந்தால் இந்த மருந்தைக் கொடு, அது இருந்தால் கொடுக்காதே என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் தடித்த புத்தகங்கள் உண்டு. அவற்றிலுள்ள வாக்கியங்களை உடைத்து, நோயாளியின் பதிவு இருக்கும் திரைக்குள் கேள்விகளாகவும் பதில்களாகவும் விதிகளாகவும் அமைப்பது எங்கள் வேலை. வலிப்பு உண்டா என்ற கட்டத்தில் ‘ஆமாம்’ என்று இருந்தால், ஒரு குறிப்பிட்ட வலி ஊசியை யாராவது எழுதும்போது திரை சிவக்கும். அந்த ஊசி வலிப்பைக் கிளப்பிவிடக்கூடியது. திரையைச் சிவக்க வைத்த விதியை டாக்டர் படித்துச் சொல்ல, நான்தான் எழுதினேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் பிரித்துவிடுவேன். அந்த அலுவலகத்தில் அதை என்னைவிட வேகமாகச் செய்தவர் யாருமில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதனால்தான் அவரோடு அடிக்கடி முட்டிக்கொண்டது.

பெரிய சண்டை ஒரே ஒரு சொல்லுக்காக வந்தது. கர்ப்பிணி முதல்முறை வரும்போது கேட்க வேண்டியவை பற்றிய பக்கம் அது. வலிப்பு வந்ததுண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று தனியாகக் கேட்டறியவும் என்று இருந்தது. நான் மூன்று கேள்விகளையும் மூன்று கட்டமாக்கியிருந்தேன். டாக்டர் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, ‘தனியாக’ எங்கே என்றார்.

“அது டேட்டா இல்ல டாக்டர். நர்ஸுக்குச் சொல்ற புத்தி. அதை எந்தக் கட்டத்துல வைக்க?”

“மீதியெல்லாம் எந்த நர்ஸுக்கும் தெரியும்மா. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்தப் பக்கத்தையே அச்சடிச்சிருக்கா.”

ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் இன்னொரு கட்டம் வேண்டும் என்றார். கேட்டபோது அருகில் இருந்தவர்: யாருமில்லை, கணவர், மாமியார், அம்மா, வேறு யாரோ. அருகில் ஆள் இருந்து பதில் ‘இல்லை’ என்று வந்தால், அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னும் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டு அடுத்த முறை திரும்பக் கேட்க வேண்டும். எனக்கு எரிச்சலாக வந்தது. பதில் வந்துவிட்டால் கட்டம் மூடிக்கொள்ள வேண்டும். அப்படி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போவதுதான் இந்த வேலையில் உள்ள ஒரே சுகம். இவர் கேட்டது மூடாத கட்டம். முணுமுணுத்துக்கொண்டே செய்து கொடுத்தேன். நன்றாகவே செய்தேன்.

சில வாரங்களில் தாராவி கிளினிக் ஒன்றிலிருந்து பதிவுகள் வந்தன. அருகில் இருந்தவர் என்ற இடத்தில் எல்லோருக்கும் ‘யாருமில்லை’. மூன்று கேள்விகளுக்கும் எல்லோரிடமிருந்தும் ‘இல்லை’. டாக்டர் மூக்கை அழுத்திக்கொண்டு ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். பிறகு, நாளைக்கு உங்க ஏரியாவுக்குப் போலாமா என்று கேட்டார்.

அந்த கிளினிக் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் இருந்தது. ஒரு பெஞ்சு, ஒரு மேசை, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் ஒரு கர்ட்டன். நர்ஸ் கர்ட்டனுக்கு இந்தப் பக்கமிருந்தே சத்தமாகக் கேட்டாள், வலிப்பு வருமா, வீட்டில் அடிப்பார்களா என்று, இந்தியில், காய்கறிக்காரன் விலை சொல்கிற குரலில். கர்ப்பிணிப் பெண் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பெஞ்சிலிருந்தபடியே நஹி நஹி என்றாள். நர்ஸ் ‘இல்லை’யைத் தட்டினாள், அப்படியே ‘யாருமில்லை’யையும் தட்டினாள். வெளியே இன்னும் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அவளைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

“எங்க ஏரியால தனியான்னு ஒண்ணு கெடையாது டாக்டர். குளிக்கப் போனாலும் வெளிய பக்கெட்டோட நாலு பேரு நிப்பாவ.”

அவர் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அங்கே பிறந்து வளர்ந்தவள் என்பதால் எனக்கு ஒன்று தென்பட்டது. எடை பார்க்கும் மெஷின் உள்பக்கம், பாத்ரூம் கதவை ஒட்டி இருந்தது. அங்கே மட்டும் ஒவ்வொரு பெண்ணும் தனியாகப் போய் வந்தாள்.

“பெஞ்சுல எடம் புடிச்ச மாமியா எந்திரிக்கவே மாட்டா. எந்திரிச்சா எடம் போயிரும்லா” என்றேன்.

டாக்டர் முழுதாகச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். திரும்பி வந்த அன்றைக்கே மூன்று கேள்விகளையும் எடை எழுதும் திரைக்குக் கீழே மாற்றினேன். எடையைத் தட்டியதும் அவை விரியும். நர்ஸ் அங்கேயே நின்றபடி, மெதுவான குரலில் கேட்டாள். அப்புறம் ‘ஆமாம்’ வரத் தொடங்கியது. முதல் ‘ஆமாம்’ வந்த காலையில் டாக்டர் என் மேசைக்கு வந்து நின்றுவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் மருமகள் எடை பார்க்கப் போய் இவ்வளவு நேரமாக என்ன செய்கிறாள் என்று மாமியார்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் எடை பார்த்துக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது. பெஞ்சில் கைப்பையை வைத்து இடம் பிடித்துவிட்டுக் கூடவே எழுந்து போனார்கள். இன்னொரு பக்கம், கேள்விகள் மூடாமல் தொங்குகின்றன, ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்பக் கேட்க நேரமில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து புகார்கள் வந்தன. அடுத்த பதிப்பில் டாக்டரின் கட்டம் எடுக்கப்பட்டது. ‘தனியாகக் கேட்கவும்’ என்று திரையின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி நின்றது. அந்த மாதிரி வரிகளை யாரும் படிப்பதில்லை என்று அதை முடிவுசெய்த மீட்டிங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். டாக்டர் எதிர்த்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். சரி என்று எழுந்துபோய் கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டார்.

கூட யார் இருந்தா என்ற அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

காலையில் பதினோரு மணி வாக்கில் கைப்பையிலிருந்து ஒரு கால்சியம் டப்பாவை எடுத்து ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். ஒருநாள் மாத்திரை கைதவறி உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். கையில் எடுத்ததுமே அது கால்சியம் இல்லை என்று தெரிந்துவிட்டது. என் லாத்தாவுக்கு, அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், சின்ன வயதிலிருந்தே வலிப்பு. இதே மாத்திரைதான். பெண் பார்க்க வந்த அன்று உம்மா மாத்திரை அட்டையை அரிசி டின்னுக்குள் போட்டாள். கல்யாணமாகிப் போனபோது லாத்தா அதை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஒரு வருஷம் ஆவதற்குள் எங்களிடம் திரும்பி வந்துவிட்டாள், நெற்றியில் தையலோடு.

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார்.

“பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“கூட யார் இருந்தா?”

நான் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் டீக்குப் போயிருந்தார்கள். “யாரும் இல்ல” என்றேன்.

“சரி” என்று மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “கல்யாணத்தப்போ அவாத்துல கேட்டா, பொண்ணுக்கு ஏதாவது வியாதி உண்டான்னு. நானும் அங்கேதான் நின்னுண்டிருந்தேன். எங்கம்மா இல்லேன்னு சொல்லிட்டா. அதுக்கப்பறம் யாரும் கேக்கலே.”

நான் குர்லாவில் ஏறுகிற ரயிலில்தான் அவர் செம்பூரில் ஏறுவார். திரும்பும்போதும் பல நாட்கள் ஒன்றாகத்தான் வருவோம். அவருடைய கணவர் பாங்கிலிருந்து ரிடையர் ஆனவர், மெலிந்த மனிதர். செம்பூர் பிளாட்பாரத்தில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் வந்து நிற்கும் இடத்தில் காய்கறிப் பையோடு தினமும் காத்திருப்பார். ரயில் வேகம் குறையும்போதே டாக்டரின் முகம் மாறும். மூக்கில் இருந்து கை இறங்கிவிடும். ஏன் வாடியிருக்கே என்று கணவர் கேட்பது எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்கும். “ஒண்ணுமில்லேன்னா” என்பார் டாக்டர், அலுவலகத்தில் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில். கைப்பையை அவர் வாங்கிக்கொள்வார், டப்பா அதற்குள் இருக்கும். ரயில் கிளம்பிய பிறகு அந்த இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டே போவேன்.

இப்போது டாக்டர் மகனோடு புனேயில் இருப்பதாகக் கேள்வி. கணவரும் உடன் இருக்கிறார். கடைசியாக டாக்டர் அலுவலகத்துக்குக் கிளம்பி வந்தது ஒரு நவராத்திரி முடிந்த மறுநாள்.

அன்று ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வீடு நிறைய விருந்தாளிகளாம். நாத்தனாருக்கு முட்டிவலி.

“எனக்கும் ரெண்டு கால்சியம் குடுன்னு கேட்டா. தீர்ந்துபோச்சுன்னு சொல்லி, டப்பாவைக் கொண்டுபோய் பூஜை ரூம்ல ஒளிச்சு வச்சேன். கொலுவும் அங்கேதான். ராத்திரி படுக்கற வரைக்கும் யாராவது அங்கே உட்கார்ந்து பாடிண்டே இருக்கா, படுக்கறதும் அங்கேயேதான். நாலு நாள் லீவும் இப்படியே போச்சு.”

“நாலு நாளா போடலயா டாக்டர்?”

“இன்னிக்குக் கிளம்பறச்சேயும் ரெண்டு மாமிகள் அங்கே கோலம் அழிச்சிண்டிருந்தா. எங்க தெரு மெடிக்கல் ஷாப்காரர் இவருக்கு தோஸ்து. வாஷில இறங்கி வாங்கிக்கறேன்.”

வாஷி வந்தது. படிக்கட்டில் நான் இரண்டு ஆள் முன்னால் இருந்தேன். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பும்போது டாக்டர் கீழே கிடந்தார். கூட்டம், சக்கர் வந்துவிட்டது, தலை சுற்றிவிட்டது, தண்ணீர் தெளியுங்கள் என்றது. அவருடைய இடது கை கொஞ்ச நேரம் தனியாக இழுத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அது தலைச்சுற்றல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் அவருக்கு நினைவு திரும்பியது. தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. வலியில் பேச்சு உடைந்து உடைந்து வந்தது. வலிப்பென்று ஆஸ்பத்திரியில் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நானே சொல்லிக்கிறேன் என்றார். எக்ஸ்ரேக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் கையில் திரையோடு வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் போய், சரியாக அதே நேரத்தில் கணவரும் வந்து சேர்ந்தார், செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடி.

சுகர் உண்டா, பிபி உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று நர்ஸ் வரிசையாகக் கேட்டாள். அந்த வரிசை எனக்குப் பழக்கமான வரிசை.

“ஒரு வியாதியும் கிடையாது. கால்சியம் சாப்பிடுவா, அவ்வளவுதான்” என்றார் கணவர் இந்தியில்.

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கணவரைப் பார்த்தார். பிறகு, நஹி என்றார்.

நர்ஸ் தட்டினாள். தட்டில் வலி ஊசி வந்தது. மருந்துக் குப்பியின் பெயரைப் படித்தேன். நாங்கள் விதி எழுதிய அதே மருந்து. ‘இல்லை’ என்று பதிவாகிவிட்டதால் எந்தத் திரையும் சிவக்காது. நாலு நாள் மாத்திரை இல்லாத உடம்பில் அது போனால் என்னவாகும் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். வாய்விட்டுச் சொல்வது எனக்குச் சுலபம். ஆனால் முப்பது வருஷமாக அவர் காப்பாற்றி வைத்ததை, அவர் கணவரின் முன்னால், தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிற ஒருத்தி எப்படிப் போட்டு உடைப்பது?

“சார், கவுண்டர்ல உங்க கையெழுத்து வேணுமாம். வாங்க” என்றேன்.

அவர் எழுந்து முன்னால் நடந்தார். நான் நர்ஸின் பக்கம் குனிந்து, ஊசி போடுவதற்கு முன் இன்னொரு தரம் கேளுங்கள் சிஸ்டர், தனியாக, என்று இந்தியில் சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். ஊசியைத் தட்டில் வைத்தாள்.

கவுண்டரில் யாரும் எந்தக் கையெழுத்தும் கேட்கவில்லை. ஆனால் கூட்டம் இருந்தது, அது உதவியாகப் போயிற்று. வரிசையில் நிற்காமல் அவர் என்னையே பார்த்தார்.

“நீ அவளோட ரயில்ல வர்ற பொண்ணுதானே? கீழே விழறச்சே பார்த்தியா? கை இழுத்துதா?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“கொஞ்சம் இரும்மா” என்று வேகமாக ட்யூட்டி டாக்டரின் மேசைக்குப் போனார். குனிந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். மாத்திரையின் பெயரை அவர் எழுத்துப் பிசகாமல் சொல்வது எனக்குக் கேட்டது. ட்யூட்டி டாக்டர் உடனே எழுந்து உள்ளே போனார். இவர் திரும்பி வந்து சுவரில் சாய்ந்துகொண்டார்.

“கல்யாணமாகி ரெண்டாவது வருஷமே தெரியும்மா. நான் கேட்டா அவ ஆமான்னு சொல்லியாகணும். அப்பறம் எங்கம்மாவைப் பத்தி, அவ அம்மாவைப் பத்தியெல்லாம் பேசியாகணும். எதுக்குன்னு விட்டுட்டேன். இந்த நாலு நாளும் எல்லாரையும் டிவி பாக்க வாங்கோ வாங்கோன்னு ஹாலுக்குக் கூப்பிட்டுண்டே இருந்தேன், அவ உள்ளே போய் எடுத்துக்கட்டும்னு. ஒரு மாமியும் எழுந்திருக்கலே.”

சிரிக்க முயன்றார். வரவில்லை. அவகிட்ட சொல்லிடாதே என்றார்.

இத்தனை நாள் டாக்டரின் கட்டத்தை மனைவிகளுக்கானது, மருமகள்களுக்கானது என்றுதான் நான் நினைத்திருந்தேன். கணவர் ‘ஒரு வியாதியும் கிடையாது’ என்று சொன்னபோது, கூட யார் இருந்தார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

நாங்கள் திரும்பியபோது தட்டில் வேறு மருந்து இருந்தது. முதல் குப்பி திறக்கப்படாமல் ஓரமாகக் கிடந்தது. நர்ஸ் என்னைத் தாண்டிப் போகும்போது காதோடு, “தோனோ நே பதாயா. அலக் அலக்” என்றாள். இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள், தனித்தனியாக.

கணவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் திருகிக்கொண்டிருந்தார். டாக்டர் நல்ல கையால் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார்.

“வெளியில என்ன பேசிண்டிருந்தார், இவ்வளவு நேரம்?”

டாக்டரின் கை பழக்கத்தில் மூக்குக்குப் போனது. கண்ணாடி இல்லை. அது படிக்கட்டிலேயே உடைந்துபோயிருந்தது. வெறும் மூக்கை அழுத்திக்கொண்டு என்னையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். எப்போதும் கேட்பதைக் கேட்கவில்லை.

“அவர்கிட்டயே கேளுங்க டாக்டர்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கர்ட்டனை இழுத்துவிட்டேன். நல்ல கர்ட்டன், தரைவரை எட்டியது.

கொஞ்ச நேரத்தில் வார்டு ஆயா ஒருத்தி போர்வையோடு வந்தாள். கொஞ்சம் நிற்கச் சொன்னேன். உள்ளே யார் என்று கேட்டாள்.

அவர்கள் ரெண்டு பேர்தான், வேறு யாருமில்லை என்றேன்.